ராகு காலத்தில் மறைந்த சூரியன்

பழனியில் நேர்த்திக்கடன் முடித்த கையோடு கொடைக்கானலுக்குப் போவோம் என்று கேட்டவள் நான்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சூரிய ஆய்வுக்கூடம் ஒன்று அந்த மலையுச்சியில் இருக்கிறது. எங்கள் ஊர் கரவெட்டியில் வெங்காயத் தோட்டத்தில் முதுகு கருக வெயில் வாங்கியவள் நான். அந்தச் சூரியனில் கரும்புள்ளிகள் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அதைக் கண்ணால் பார்க்க ஆசை. அங்கே தொலைநோக்கி வழியாகச் சூரியனை ஒரு வெள்ளைப் பலகையில் விழுத்திக் காட்டுவார்களாம். காலையில் வெள்ளெனப் போங்கள், பிறகு மூடுபனி வந்துவிடும் என்று விடுதிக்காரர் முதல்நாளே சொன்னார்.

சனிக்கிழமை காலை பளிச்சென்ற வெயில். வாடகை வான் வண்டி விடுதி வாசலில் நின்றது. அக்காவின் புருசன் கட்டிலில் சாய்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ராகு காலம் முடியட்டும். சூரியன் எங்கை ஓடப்போகுது?"

"சூரியன் ஓடாது அத்தான். பனி மூடிப்போடும்."

"அவர் சொன்னாக் கேளடி," என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வான் வண்டியை வாடகைக்குப் பிடித்தவர் அவர்.

ராகு காலம் கழிந்து நாங்கள் போய் இறங்கும்போது எதிரே நின்ற மரமே பனியில் தெரியவில்லை. பலகை வெறுமையாக இருந்தது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா? அவ்வளவு தெளிவா இருந்துச்சு," என்றார் அங்கிருந்தவர். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அன்று சூரியனை விழுங்கியது ராகு இல்லை, அத்தான்.

அவரோ கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்தார். "சரி, பாத்தாச்சு. வாங்கோ, சொக்கிலேட் வாங்குவம்."

கடல் கடந்து ஊர் திரும்பியதும் கொக்குவிலில் அக்கா வீட்டில் பஞ்சாமிர்தம் கொடுக்கச் சொந்தக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். அத்தான் போனை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"சூரியனைக் கிட்டப் பாத்திட்டு வந்தனாங்கள்."

"பொய்," என்றேன். "ராகுவுக்குப் பயந்து அறைக்குள்ளை பேப்பர் வாசிச்சனீங்கள். ஒருத்தரும் ஒண்டும் பாக்கேல்லை."

"உவளுக்கு இன்னும் கோவம் போகேல்லை," என்று சிரித்தார். "எடி பிள்ளை, முற்றத்திலை போய் நிமிந்து பார். அதே சூரியன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

"நான் திரும்பப் போகப்போறன்," என்றேன். "ராகு காலத்திலைதான் வெளிக்கிடுவன்."

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ஆரோடையடி?"

"ஒருத்தரோடையும் இல்லை."