கூரையில் பட்டால் அவுட்

"லயத்தில இருந்துகொண்டு இந்த வேலை செய்யேலாது, தங்கச்சி. கரண்ட் நிக்கும், சிக்னல் போகும், நீரும் களைச்சுப் போயிடுவீர்."

கொழும்பிலிருந்து போனில் இதைச் சொன்னவர் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தின் விளையாட்டு ஆசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஜூலையில் தொடங்கும் லீக் கிரிக்கெட்டை பந்துக்குப் பந்து தமிழில் எழுத ஆள் தேவை என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். பசறையில் நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடையிலிருந்து விண்ணப்பித்தேன். மாதிரிக்கு எழுதி அனுப்பிய பத்து ஓவர்களில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முகவரியில்தான் தெரிந்தது: தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் ஒன்று.

"செஞ்சு காட்டுறேன் சேர்" என்றேன்.

"சரி, ஒரு சீசன். பிழை விட்டா நடுவிலயே நிப்பாட்டிப்போடுவன். கடைசி வரைக்கும் நிண்டால், நிரந்தரத்தைப் பற்றிக் கதைப்பம்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறார். இருவருக்கும் வாசிக்க வராது. என் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுத் தாளை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா ஒரு வாரம் வேலைக்குப் போய் வந்தார். அதற்குப் பிறகும் நான் செய்தது மற்றவர்களுடைய விண்ணப்பங்களைப் பிரதியெடுத்துக் கொடுக்கும் வேலை. அதிலிருந்து வெளியே வர எனக்கு இருந்த வழி அந்த ஒரு சீசன்.

வேலை பார்ப்பதற்குச் சின்னது. டிவியில் மேட்ச் ஓடும். பந்து முடிந்ததும் போனில் ஓட்டத்தையோ விக்கெட்டையோ அழுத்தி, கூடவே ஒரு வரி எழுத வேண்டும். இருபது செக்கனுக்குள் அது ஆயிரக்கணக்கானவர்களின் போனில் வந்துவிடும். மேட்சை போனிலேயே பார்க்கலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்து சிக்னலில் படம் ஒரு ஓவர் பிந்தி வரும். அதனால் டிவிக்கு முன்னால், ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். போனுக்கு மூன்று கோடு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அது.

முதல் வாரம் சரியாகப் போனது. இரண்டாவது வாரம்தான் அது நடந்தது.

ஒருவர் ஓங்கி அடித்தார். பந்து மேலே போய், மேலே போய், பார்வையாளர் மண்டபத்தின் கூரையில் தொம்மென்று விழுந்து உருண்டது. என் விரல் விக்கெட்டை அழுத்தியது. "கூரையில் விழுந்தது, ஆட்டமிழந்தார்!" என்று எழுதி அனுப்பியும் விட்டேன். டிவியில் நடுவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபோதுதான் அது சிக்ஸ் என்று எனக்கு உறைத்தது.

எங்கள் லயத்துக்கு முன்னால் உள்ள இடத்தில் பத்து வயது வரை நானும் ஆடியிருக்கிறேன். அங்கே தேயிலைக்குள் போனால் இரண்டு. கூரையில் பட்டால் அவுட். அடித்தவர்தான் ஏறி எடுக்க வேண்டும், அன்றைக்கு மறுபடி மட்டையைத் தொடக்கூடாது. தகரம் நசுங்கினால் மழைக்கு ஒழுகும், ஒழுகினால் தோட்டத்து ஆபீசில் சொல்லி ஆள் வருவதற்குள் அடுத்த மழையும் வந்துவிடும். அதனால் வந்த சட்டம். நாங்கள் யாரும் கிரிக்கெட்டைப் புத்தகத்தில் படிக்கவில்லை.

திருத்துவதற்கு நாற்பது செக்கன் ஆனது. போன் அடித்தது.

"என்ன தங்கச்சி இது? சிக்ஸ் அடிச்சவனை அவுட் ஆக்கி வச்சிருக்கிறீர்?"

"சாரி சேர். எங்க லயத்துல கூரையில பட்டா அவுட்டு. கை தன்னால அழுத்திருச்சு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இது லயம் இல்ல. இன்னொருக்கா இப்பிடி வந்தா, மிச்ச மேட்ச் எல்லாம் இங்க இருக்கிற பெடியனிட்ட போயிடும். விளங்குதா?"

விளங்கியது. என் வரியை யாரோ படம் பிடித்துப் பரப்பியிருந்தார்கள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் மாமா மகன் என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கினான். "பாத்து வாங்க எல்லாரும்! எங்க அம்பயரம்மா வர்றாங்க, கையத் தூக்கினா வீட்டுக்கு அனுப்பிருவாங்க!"

"ஒன்ன ஒருநாளும் அனுப்ப வேண்டியதில்லடா. நீயா போல்டாகிப் போயிருவ" என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் பயம். நடுவரின் கையைப் பார்க்காமல் எதையும் அழுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். வரிகளையும் பத்திரிகையில் வருவது போல எழுதினேன்: "பந்தை அபாரமாக எதிர்கொண்டார்", "நேர்த்தியான களத்தடுப்பு". பிழையில்லாத, உயிரும் இல்லாத வரிகள்.

ஆகஸ்டில் கச்சான் காற்று வலுத்தது. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது அந்த வறண்ட காற்றில்தான், அதனால் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அது நல்ல காலம். எனக்கு அந்தக் காற்று எதிரி. கூரையில் எங்கள் டிஷ் அன்டெனா நிற்கும் கம்பத்தின் அடி ஆணி துருப்பிடித்திருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் டிஷ் கொஞ்சம் திரும்பும், படம் நடுங்கி மறுபடி நேராகும். இறுதிப் போட்டிக்கு யார் போவது என்று முடிவாகும் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. கோயில் பூசை முடிந்து வந்து, சாப்பிடாமல் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

இரண்டாவது இன்னிங்சின் பன்னிரண்டாவது ஓவரில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. ஆணி போய்விட்டது.

அப்பா ஏணியைச் சாத்தி ஏறினார். தலைக்கு மேல் தகரம் முனகியது.

"இப்ப?"

"இல்லப்பா!"

"இப்ப?"

"வந்துருச்சு! அசையாதீங்க!"

அம்மா கம்பி எடுத்துக் கொடுத்தார். அப்பா கட்டிப் பார்த்தார், காற்று அதை இரண்டு நிமிடத்தில் அவிழ்த்தது. பிறகு அப்பா கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார். பக்கத்து வீடுகளில் ஆட்கள் சத்தம் போட்டார்கள். அந்த லயத்திலேயே மேட்ச் பார்க்க முடியாத ஒரே ஆள் அவர்தான்.

"ஏ புள்ள, என்னாத்துக்கு கத்துறானுங்க?"

"பேசாம இருங்கப்பா, எழுதிக்கிட்டிருக்கேன்!"

"சொல்லிட்டு எழுதேன். நான் இங்க காக்கா வெரட்டவா நிக்கிறேன்?"

சொன்னேன். "கால்மாட்டுல போட்டான், தட்டி விட்டு ஓடிட்டான், ஒண்ணு!" கத்திவிட்டு அதையே கொஞ்சம் திருத்தி எழுதினேன். நேரம் மிச்சமானது. அடுத்த பந்தும் அப்படியே. சிவப்புச் சட்டை அணி துரத்திக்கொண்டிருந்தது. பதினெட்டாவது ஓவர் வரும்போது நான் கூரைக்குச் சொல்வதும் போனில் எழுதுவதும் ஒன்றாகிவிட்டிருந்தன.

"அபாரமாக" என்ற சொல் எங்கேயோ விழுந்துபோனது.

கடைசி ஓவர். இரண்டு பந்தில் எட்டு வேண்டும். அடித்தார். எல்லைக் கயிற்றோரம் ஒருவர் பின்னால் சாய்ந்து பிடித்தார். டிவியில் அறிவிப்பாளர் அவுட் என்று அலறினார். பக்கத்து வீட்டில் யாரோ சட்டியைப் போட்டு உடைத்த மாதிரி சத்தம். விரல் விக்கெட்டின் மேல் நின்றது.

"அவுட்டா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"இன்னும் கை தூக்கலப்பா!"

ஆசிரியரிடமிருந்து மெசேஜ் வந்தது. "போடும்! மற்ற எல்லாரும் போட்டாச்சு. என்ன மினக்கெடுறீர்?" பத்து செக்கன். பதினைந்து. இருபது தாண்டியது. நடுவர்கள் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நடுவருக்குப் போனது. குதிக்கால் கயிற்றைத் தொட்டதை மூன்று முறை காட்டினார்கள். நடுவரின் இரண்டு கைகளும் மேலே போயின.

"சிக்ஸ்! அப்பா, சிக்ஸ்!"

அழுத்தினேன், எழுதினேன். அதே நேரம் கூரையில் அப்பாவும் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

திரை சதுரங்களாக உடைந்து கறுத்தது.

ஒரு பந்து. இரண்டு ஓட்டம். லயம் முழுக்க ஒரே இரைச்சல். அதில் சந்தோஷம் எது, வயிற்றெரிச்சல் எது என்று பிரிக்க முடியவில்லை. மேலே அப்பா "ஐயோ, ஐயோ" என்றபடி கம்பத்தோடு மல்லுக்கட்டினார். வேறு தளத்தைத் திறந்து பார்த்து எழுதியிருக்கலாம். சற்று முன்பு அந்தத் தளங்கள் எல்லாமே அவுட் என்று போட்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எழுதினேன்: "இங்கே காற்றில் படம் போய்விட்டது. கடைசிப் பந்தை நான் பார்க்கவில்லை. பார்த்ததும் எழுதுகிறேன்."

படம் திரும்பியபோது பந்து வீசியவர் முழங்காலில் இருந்தார். ஸ்டம்ப் சாய்ந்து கிடந்தது. மறுபடி காட்டும்வரை காத்திருந்து அழுத்தினேன். போல்ட். சிவப்புச் சட்டைகள் ஒரு ஓட்டத்தில் தோற்றார்கள். நான் முக்கால் நிமிடம் பிந்தியிருந்தேன்.

போன் உடனே அடித்தது.

"மற்றவையின்ர பக்கத்தைப் பார்த்துப் போட்டிருக்கலாமே? ஏன் அப்பிடி எழுதினீர்?"

"பாக்காதத எழுத மாட்டேன் சேர். பாக்காம அழுத்தித்தான் அன்னைக்கு ஒங்ககிட்ட ஏச்சு வாங்கினேன்."

"படம் எப்பிடிப் போனது?"

சொன்னேன். கம்பம், ஆணி, அப்பாவின் கைகள், எல்லாம்.

"அப்பா விழேல்லையே?"

"இல்ல சேர். எறங்கிட்டாரு. கீழ ஒக்காந்து தோத்த டீம ஏசிக்கிட்டு இருக்காரு."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் கடையில் நான் பிரதியெடுத்த தாள்கள் பாதி தலைகீழாக வந்தன. கடைக்காரர் ஒரு முறை ஏசினார், இரண்டாவது முறை அவரே தாளைத் திருப்பி வைத்தார். புதன்கிழமை மதியம் ஒரு வரி வந்தது: "ஃபைனலும் நீர்தான். கம்பத்தைக் கட்டும்."

தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்கிறவரை அப்பா கூட்டிவந்தார். இறுதிப் போட்டியை ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். அப்பா கீழே, டிவிக்கு முன்னால் இருந்தார். இருந்தும் ஒவ்வொரு பந்தையும் அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். "கண்ணு எனக்கும் இருக்கு புள்ள" என்றார்.

முடிந்த பிறகு ஆசிரியர் பேசினார். லயத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நிரந்தரத்துக்கு மேலிடத்தில சான்றிதழ் கேக்கினம், தங்கச்சி. ஸ்கோரர் பரீட்சை பாஸ் பண்ணின ஆளெண்டா நான் கதைக்கலாம். விதிகளைப் படியும். உங்கட கூரை விதி எனக்கு இப்ப மனப்பாடம்."

கிரிக்கெட் விதிகள் எல்லாவற்றையும் கடையிலேயே பிரதியெடுத்துத் தைத்துக்கொண்டேன். போன சனிக்கிழமை பசறையிலிருந்து முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போய், பரீட்சைக்கு விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதியிருந்தேன். முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர், லய இலக்கம், வீட்டு இலக்கம்.

வாங்கியவர் பேனாவால் அந்த வரியைத் தட்டினார். "டவுன்ல வேற விலாசம் இல்லையா? அனுமதி அட்டை போய்ச் சேரணுமே."

"இதுதாங்க விலாசம்" என்றேன். "சேரும். போடுங்க."

முத்திரையைக் குத்தினார். ரசீதை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.