இரவல் நுணுக்குக்காட்டி

தவிட்டு நிறத்தில் ஒரு பிளாஸ்டர் துண்டு. விரல் வெட்டுப்பட்டால் ஒட்டுவோமே, அதே பிளாஸ்டர்தான். அவசரத்தில் பல்லால் கிழித்தது போல ஒரு பக்கம் நூல் நூலாகத் தொங்க, நுணுக்குக்காட்டியின், அதாவது மைக்ரோஸ்கோப்பின், அடிப்பாகத்தில் குறுக்காக ஒட்டியிருந்தது. அதன் கீழே வெள்ளைப் பெயின்டில் கண்டி நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றின் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரை மறைக்கத்தான் பிளாஸ்டர். ஒட்டியவர் எங்கள் பாடசாலை அதிபர். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வத்தேகமவுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பாடசாலை. நான் படித்ததும் அங்கேதான், இப்போது தமிழ் படிப்பிப்பதும் அங்கேதான். இந்த வருடம் ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்கள். அந்தப் பழைய அதிபர்தான் பிரதம விருந்தினர். "அவரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாங்க டீச்சர், நீங்க அவர்கிட்டப் படிச்சவங்கதானே" என்று கேட்டார்கள். தேடிப் பார்த்தேன். நாலு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன், மலரில் போடமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அரசாங்கம் எங்களைப் போன்ற பாடசாலைகளுக்கு உதவிய கதையை முதலில் சொல்லிவிடவேண்டும். துரைமார் காலத்தில், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில், ஒரு வாத்தியார், அவ்வளவுதான் படிப்பு. கொழுந்து எடுக்கிற கை எழுத்துப் படித்தால் கூடை யார் தூக்குவது என்ற கணக்கு. அந்தக் கொட்டில்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தபோது நாட்டின் மற்றப் பிள்ளைகள் பல தலைமுறை படித்து முன்னே போயிருந்தார்கள். பிந்தி வந்தவனுக்குப் பந்தியில் பாயசம் மிஞ்சாது. பிறகு "தோட்டப் பாடசாலைகளுக்கு விசேட உதவி" என்று அவ்வப்போது ஏதாவது வரும். உரிமையாக வராது, சீர்வரிசையாக வரும். மேளம், மாலை, நாடா, கத்தரிக்கோல் எல்லாம் அதனுடன் வரும். வரவேற்க நாங்கள் வெயிலில் வரிசையாக நின்று கொடி அசைக்கவேண்டும். அப்படி வந்த ஒரு உதவியில்தான் எங்களுக்கு ஆய்வுகூடக் கட்டடம் கிடைத்தது. கட்டடம் மட்டும். உள்ளே நீள மேசைகளும், கண்ணாடிக் கதவு போட்ட வெற்று அலுமாரிகளும், தண்ணீர் வராத பைப்புகளும்.

நான் பதினோராம் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம், இன்னொரு உதவி வருகிறது என்று தெரிந்தது. இந்த முறை ஆய்வுகூட உபகரணங்கள், இரண்டு விஞ்ஞான ஆசிரியர்கள், அத்துடன் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு தொடங்க அனுமதி, மூன்றும் ஒன்றாக. எந்தத் தோட்டப் பாடசாலைக்குக் கொடுப்பது என்று பார்க்கக் கல்விப் பணிப்பாளர் ஒருவர் நேரில் வருவார். எனக்கு விஞ்ஞானம் என்றால் உயிர். தவளை, தட்டான், தேயிலைக் கொழுந்தில் வருகிற கொப்புள நோய், எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். உயிரியல் படிக்கவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "எதையாவது படி. ஆனா இங்கனயே படி. டவுன்ல போர்டிங்ல விட நம்மளால ஏலாது" என்று அம்மா சொல்லியிருந்தார். கண்டியில் கேட்டுப் பார்த்த பாடசாலையிலும் தங்கள் பிள்ளைகளுக்கே இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஆகவே அந்தப் பணிப்பாளர் தலையசைத்தால் நான் உயிரியல் படிப்பேன், அசைக்காவிட்டால் இல்லை. என் வாழ்க்கை அந்த ஒரு தலையில் இருந்தது.

அதிபரைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளை உடுப்பு, வாரிய தலை, எப்போதும் துடைத்த சப்பாத்து. அவரும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்தான், ஆனால் அதை யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. அவருக்கு ஒரு வேதவாக்கு இருந்தது: "மானம் போயிரக்கூடாது." பிள்ளை செருப்பில்லாமல் வந்தால் மானம் போய்விடும், சீருடையில் கொழுந்துக் கறை இருந்தால் மானம் போய்விடும். விருந்தாளி வருகிற நாளில் கிழிந்த சட்டைக்காரப் பிள்ளைகளைக் கடைசி வகுப்பில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவார். வாழ்க்கையில் அவர் காப்பாற்றாத மானம் என்று ஒன்று இருந்தால் அது எங்களுடையது.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறு தோட்டத்திலிருந்து சம்பந்தி வருகிறார் என்றால் கங்காணி வீட்டுக் கதிரை எங்கள் காம்பராவுக்கு வந்துவிடும். பீங்கான் கோப்பை ஒரு வீட்டிலிருந்து, மேசைச் சீலை இன்னொரு வீட்டிலிருந்து வரும். வந்தவர் அந்தக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அது இரவல் என்று அவருக்கும் தெரியும், ஏனென்றால் அவர் வீட்டிலும் அதே கதைதான். அதில் பொய் இல்லை, ஒரு மரியாதைதான். அதிபரும் பணிப்பாளர் வருகைக்கு இதைத்தான் செய்தார். கண்டிப் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த அவருடைய சகலனைப் பிடித்து, ஒரே ஒரு நாளைக்கு, நுணுக்குக்காட்டிகளும் சோதனைக் குழாய்களும் தராசுகளும் ஒரு முழு மனித எலும்புக்கூடும் இரவல் வாங்கினார்.

மடவளையிலிருந்து ஒரு முஸ்லிம் நானாவுடைய வேனில்தான் எல்லாம் வந்து இறங்கின. எலும்புக்கூட்டைப் போர்வையில் சுற்றி முன் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார் அந்த நானா. இறக்கி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்ன சேர், பொண்ணு பாக்க வாற ஊட்டுக்கு நகை இரவல் வாங்கின மாதிரியில்லையா ஈக்கி?" பிள்ளைகள் எல்லோரும் சிரித்தோம். அதிபர் சிரிக்கவில்லை. முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, பிளாஸ்டரைக் கிழித்துக் கிழித்து, ஒவ்வொன்றிலும் இருந்த பெயரை மறைத்துக்கொண்டு போனார்.

எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உருவம், சத்தம் போட்டுப் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "சேர், இல்லையெண்டு சொல்லுறதில என்ன வெக்கம்? இல்லாததைப் பாக்கத்தானே அவர் வாறார்" என்றார். அதிபர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்: "உங்களுக்கு இங்க உள்ளது தெரியாது மிஸ். இருக்கிறவனுக்குத்தான் குடுப்பாங்க. இல்லாதவனுக்கு மானம் போறதுதான் மிச்சம்." மிஸ் "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த "ஓம்" சம்மதத்துக்குச் சொன்னதல்ல என்று எனக்கு அப்போதே விளங்கியது. பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒரு வெங்காயத்தை உரித்து, உள்தோலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அயடின் ஒரு சொட்டு விட்டு, ஒரு நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தார். "வந்திருக்கிற சாமான், ஒருக்காவாவது பாரும்" என்றார்.

பார்த்தேன். செங்கல் அடுக்கியது போல வரிசை வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி. புத்தகத்தில் கோடு கோடாக வரைந்து கறுப்பு மையால் பெயர் குறித்துப் பாடமாக்கிய உயிர்க்கலம், இதோ, மஞ்சளாக, நிஜமாக, நாங்கள் சோற்றுக்கு நறுக்குகிற வெங்காயத்துக்குள் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "தொடாதே! இரவல் சாமான்!" என்று பின்னால் அதிபரின் குரல் கேட்டது. அதற்குள் வெளியே மேளம் தொடங்கிவிட்டது. நான் வெற்றிலைத் தட்டு ஏந்துகிற வரிசைக்கு ஓடினேன். நான் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பணிப்பாளர் மாலையுடன் உள்ளே வந்தார். அலுமாரிகளைப் பார்த்தார், தராசுகளைப் பார்த்தார், எலும்புக்கூட்டின் கையைப் பிடித்துக் குலுக்கி எல்லோரையும் சிரிக்கவைத்தார். "ஹரி ஷோக்!" என்றார், சிங்களத்தில் பிரமாதம் என்று அர்த்தம். அதிபரின் முகம் பெருநாள் விளக்குப் போல இருந்தது. படம் எடுத்தார்கள். போகும்போது பணிப்பாளர் அதிபரின் தோளில் தட்டிச் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "உங்களுக்கு எல்லாம் இருக்கே. நல்லா வச்சிருக்கீங்க. அப்ப நம்ம உதவியை இல்லாத ஸ்கூலுக்குக் குடுப்போம்." அவ்வளவுதான். எதிரில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சேர், இது எங்களுடையது இல்லை" என்று நாலே சொல். அதிபர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு கும்பிட்டார்.

அன்று மாலையே வேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. உபகரணமும் ஆசிரியர்களும் வேறு பாடசாலைக்குப் போனார்கள். விஞ்ஞானப் பிரிவு தொடங்கவில்லை. மிஸ் இடமாற்றம் கேட்டு ஊருக்குப் போய்விட்டார். பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நல்ல சித்தி எடுத்த நான் கலைப் பிரிவில் சேர்ந்தேன், தமிழ் படித்தேன், தமிழாசிரியர் ஆனேன். தமிழ் எனக்குச் சோறு போடுகிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் ஆசைப்பட்டுக் கேட்ட சோறு அல்ல அது. இதில் உச்சம் என்னவென்றால், பணிப்பாளருக்கு அதிபரை மிகவும் பிடித்துப்போனது. திறமையான நிர்வாகி என்று சொல்லி நகரத்தில் பெரிய பாடசாலை ஒன்றுக்கு அவரை மாற்றினார்கள். அவர் போகும்போது நாங்கள்தான் வரிசையாக நின்று மாலை போட்டோம்.

பல வருடங்களுக்குப் பிறகு மிஸ்ஸைக் கண்டியில் ஒரு கருத்தரங்கில் சந்தித்தேன். அப்போதுதான் ஒன்றைச் சொன்னார். எங்கள் முறைக்கு முந்திய வருடம், தெல்தெனியப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு அதே பணிப்பாளர் போயிருக்கிறார். அங்கே உடைந்த மேசையையும் ஒழுகுகிற கூரையையும் உள்ளபடி காட்டினார்களாம். "இதையே காப்பாத்தத் தெரியாதவங்களுக்கு இன்னும் குடுத்து என்ன செய்ய" என்று சொல்லி ஒன்றும் கொடுக்காமல் போய்விட்டாராம். எங்கள் அதிபருக்கு அது தெரியும். கிழிசலைக் காட்டினால் கொடுத்தும் பயனில்லை என்பார்கள், தைத்துப் போட்டுக்கொண்டு நின்றால் உனக்கெதற்கு என்பார்கள். இப்படி ஒரு உதவியை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் தலையில் இடி விழட்டும். "அவரையும் முழுசாப் பிழை சொல்லேலாது பிள்ளை" என்றார் மிஸ். மிஸ் நல்லவர், அதனால் அப்படிச் சொல்கிறார். நான் பிழைதான் சொல்லுவேன். லயத்துக்கு வந்த சம்பந்தி தேத்தண்ணி குடிக்க வந்தவர். பணிப்பாளர் வந்தது எங்களிடம் கதிரை இல்லை என்றால் கதிரை கொடுக்க. அந்த வித்தியாசம் தெரியாத அளவுக்கு அதிபர் முட்டாள் இல்லை. அவர் பயந்தார். அவருடைய பயத்துக்கு நான் விலை கொடுத்தேன்.

போன மாதம் புதிதாக இன்னொரு உதவிக்காக ஓர் அதிகாரி வந்தார். இளம் பெண், சிங்களவர், தமிழ் ஓரளவு பேசினார். மாலை வேண்டாம் என்றார், அதற்கே அவரைப் பிடித்துப்போனது. அலுவலகச் சுவரில் இன்னும் அந்தப் படம் தொங்குகிறது: சிரிக்கிற பணிப்பாளர், சிரிக்கிற அதிபர், எலும்புக்கூடு, மேசை நிறைய நுணுக்குக்காட்டிகள். அதிகாரி அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு சாமான் இருந்திருக்கு. இதெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. நாங்கள் விற்றுத் தின்றுவிட்டோம் என்று நினைக்கிறார் என்று விளங்கியது. இப்போதைய அதிபர் என்னைப் பார்த்தார்.

"அது இரவல், மேடம்" என்றேன். அவர் நம்பவில்லை. ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அலுமாரிகளைத் திறந்து காட்டினேன். விளையாட்டுப் போட்டிக் கொடிகளும் பூசைக் குத்துவிளக்கும் இருந்தன. திரும்பி வந்து, படத்தில் நுணுக்குக்காட்டியின் அடியில் இருந்த பிளாஸ்டரைத் தொட்டு, சொந்தக்காரப் பாடசாலையின் பெயரை மறைக்க ஒட்டியது என்று காட்டினேன். குனிந்து பார்த்தார். "அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல்ல?" என்று கேட்டார். "சொல்லியிருந்தா தந்திருப்பீங்களா, மேடம்?" என்று கேட்டேன். அவர், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வருடம் பரீட்சை எழுதுகிற பெண் பிள்ளைகள் இருவர் உயிரியல் படிக்க ஆசைப்படுகிறார்கள்.

வாகனம் வளைவில் மறைந்ததும் இப்போதைய அதிபர் பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை, இளையவர், இதே பாடசாலையில் படித்தவர். "டீச்சர், அடுத்த முறை வந்தாங்கன்னா, வத்தேகமயில கம்ப்யூட்டர் கிளாஸ்காரர் ரெண்டு லெப்டொப் ஒரு நாளைக்குத் தாறேன்னு சொல்லியிருக்கார். மேசையில வச்சா ரூம் வெறுமையாத் தெரியாது" என்றார். நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அந்தப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். தூசியைத் துடைத்தபோது என் பெருவிரல் சரியாக அந்தப் பிளாஸ்டரின் மேல் நின்றது. படம் இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்திருந்தது.

"என்ன டீச்சர், விழாவுக்குப் பழைய சேர் வர்ற நேரம்... சுவர் வெறுமையா இருக்குமே" என்றார்.

"இருக்கட்டும் சேர்" என்றேன். "வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்."