தொப்பிக்குள் இருந்த பந்தயச் சீட்டு

அமலதாஸ் மலாயாவில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஃபிட்டர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். இவனுக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே எஞ்சின் பித்து. ஜப்பான்காரன் காலத்தில் டீசல் கிடைக்காமல் செத்துக் கிடந்த எஞ்சினைச் செம்பனை எண்ணெயில் ஓட்டிக் காட்டிப் பேர் வாங்கினான். சண்டை முடிந்து திரும்பிய தோட்டத்துத் துரை, தன் காரை இவனைத் தவிர வேறு யாரையும் தொட விடவில்லை.

அது போருக்கு முந்தின கிராஃப்டன், முதுகு வளைந்த நாலு கதவு கார். ஐம்பத்து மூன்றாம் வருஷம் அது. காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம். அப்படியும் துரைமார்களுக்குப் பந்தய ஆசை விடவில்லை. செரம்பானில் கிராஃப்டன் விற்ற ஏஜெண்டும் மெல்வில் விற்ற ஏஜெண்டும் அந்த ஆசையைக் கிளறிவிட்டார்கள். பழைய கார்கள் மட்டும், மூன்று பந்தயம், அதிகம் ஜெயித்த கம்பெனிக்குக் கோப்பை.

மெல்வில் காரைப் பார்த்துக்கொண்டவர் ராசா என்ற ஊரைச் சேர்ந்த திருநாவுக்கரசு. அமலதாஸைவிட நாலைந்து வயது மூத்தவர், வாய் கொஞ்சம் நீளம். போர்ட் டிக்சன் பந்தயத்தில் கிராஃப்டன் பாதி வழியில் ஆவி கக்கி நின்றபோது பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணி நல்லா கொதிக்குதே தாஸு, கோப்பி கலக்கலாமா லா?"

அமலதாஸ் அதை மறக்கவில்லை. இரண்டாவது பந்தயத்தில் கிராஃப்டன் ஜெயித்தபோது அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை.

ஆளுக்கு ஒன்று. மூன்றாவது பந்தயம் சனிக்கிழமை, கோலா பிலா பக்கத்துத் தோட்டமொன்றின் மேட்டு ரோட்டில். அதற்காக அமலதாஸ் ஒரு மாதம் காரை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தான். கடைசியில் கைவந்த கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதினான். மு 28, பி 32, பொ 18. மற்றவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று தொப்பியின் உள்துணிக்குள் செருகிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை துரை காரை எடுத்துக்கொண்டு காவல் வண்டியோடு முன்னால் போய்விட்டார். டயர்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு அமலதாஸ் லாரியில் தனியாகப் புறப்பட்டான். புக்கிட் புத்துஸ் மலை ஏறும் முன் சாலைத் தடுப்பு. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போகிறதா, டின் மீன் போகிறதா என்று லாரியைச் சலித்த போலீஸ் சார்ஜன், தொப்பியையும் கழற்றி உதறினார். சீட்டு விழுந்தது.

இளவயது வெள்ளைக்கார அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்க் கணக்கு என்றான் அமலதாஸ். கார்க் கணக்கைத் தொப்பிக்குள் ஏன் ஒளித்தாய், காட்டுக்குப் போகும் ரகசியச் சேதியா என்றார் அவர். உண்மையைச் சொன்னால் அதுவே பொய் மாதிரி இருக்கும். 

ரெம்பாவ் தோட்டத்துக்குப் போன் போட்டார்கள். ஆளைத் தெரியும், சீட்டைப் பற்றித் தெரியாது என்றார் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி. துரை போன இடத்துக்குப் போன் கம்பி அறுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கையைக் கட்டி மரத்தடியில் உட்கார வைத்தார்கள். போன வருஷம் பக்கத்து லயத்து வீட்டுக்காரி பஞ்சாலையின் புருஷனை இப்படித்தான் கொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் வந்தான். 

ஒரு மணி நேரத்தில் மெல்வில் லாரி வந்து நின்றது. இறங்கிய திருநாவுக்கரசு மரத்தடியைப் பார்த்தார். அமலதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவர் நேராக அதிகாரியிடம் போய், பட்டறையில் கற்ற இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். அதிகாரி சீட்டை நீட்டினார்.

"உனக்கும் அதே வேலைதானே? அவனைக் கேட்காமல் இதைப் படி."

திருநாவுக்கரசு சீட்டை வாங்கிப் பார்த்தார். "மு முன் டயர், இருபத்தெட்டு பவுண்டு காத்து. பி பின் டயர், முப்பத்திரண்டு. பொ பிளக்குப் பொறி விடற இடைவெளி. லாரியில இருக்கிற டயர அளந்து பாருங்க துரை, சாக்பீஸ்ல அதே எழுத்து போட்டிருக்கான்."

திருநாவுக்கரசின் காற்றுமானியை வாங்கி சார்ஜன் ஒவ்வொரு டயராக அளந்தார். மு என்று எழுதியதில் இருபத்தெட்டு. பி என்று எழுதியதில் முப்பத்திரண்டு. அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

 திருநாவுக்கரசு தண்ணீர் கொடுத்தார்.

"அண்ணே, பெரிய உதவிண்ணே. ஆனா என் கணக்கெல்லாம் படிச்சிட்டீங்களே."

"அட போடா. உன் கணக்கு என் வண்டிக்கு ஆவாது லா. மெல்விலுக்கு இருபத்தெட்டு வச்சா மொத வளைவுலயே படுத்துக்கும்."

அமலதாஸ் சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. இரண்டு லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக மலை ஏறின.

மறுநாள் மெல்வில் இரண்டு செகண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது. துரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அமலதாஸும் வருத்தப்பட்டுப் பார்த்தான், வருத்தம் வரவில்லை. மெல்வில்காரர்கள் கோப்பையை வாங்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினான்.

சாயங்காலம் லயத்துக்கு வந்தபோது மனைவி பெர்னதெத் வாசலில் நின்றிருந்தாள். கிராணி சொல்லி விஷயம் தெரிந்ததிலிருந்து ஒரு பருக்கை சாப்பிடவில்லை.

"ஏங்க, அடிச்சாங்களா?"

"இல்ல. தண்ணி குடுத்தாங்க."

"யாரு, போலீஸ்காரங்களா?"

"ராசா அரசண்ணன்."

திருநாவுக்கரசு யாரென்று அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாக அவரைத் திட்டித்தானே இந்த மனுஷன் சாப்பிட உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடித்தும் அமலதாஸ் எழுந்திருக்காமல் அசந்து தூங்கினான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. பெர்னதெத் எழுப்பவில்லை, கதவை மெல்லச் சாத்திவிட்டுத் தனியாகக் கோயிலுக்குப் போனாள்.