அப்பா பாடுகிற படம்

அப்பா வீட்டில் ஒரு வரிகூடப் பாடியதில்லை. ஆனால் கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து உயரமான அடுக்ககங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது நாள் முழுக்கப் பாடுவாராம். உடன் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அம்மாவுக்கு அது தீராத குறை.

"ஊரே கேக்குது. கட்டிக்கினவ நான் கேக்கல. பாடற மூஞ்சியையாவது படம் புடிச்சிக் காட்டுடி" என்றாள்.

அப்போதுதான் என் சம்பளத்தில் கேமரா வாங்கியிருந்தேன். நாற்பத்தைந்து மெகாபிக்சல். கூடவே வந்த லென்ஸ் நூறு எம்எம் வரைதான் போகும், தூரத்தில் இருப்பதை அவ்வளவு கிட்டே இழுக்காது. வாரக்கடைசியில் ஏரிப் பறவைகளைப் படமெடுக்கும் அலுவலக நண்பர் ஒருவர், நானூறு எம்எம் லென்ஸை ஒருநாள் வாடகைக்கு எடுக்கச் சொன்னார்.

"எதுக்கு? எடுத்தப்புறம் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி கிராப் பண்ணிக்கலாம். அதுக்குத்தானே இவ்ளோ மெகாபிக்சல்."

"பண்ணுங்க மேடம். கடைசில அப்பா இருக்க மாட்டாரு, கட்டம்தான் இருக்கும்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பொறியியலும் முடித்தவள். இன்னொருவர் எனக்குக் கணக்குச் சொல்வதா என்று இருந்தது.

பொம்மனஹள்ளியில் அப்பா வேலை செய்த அடுக்ககத்துக்குள் கேமராவோடு விடவில்லை. ஓசூர் ரோட்டின் நடைமேம்பாலத்தில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் சுவர் பக்கவாட்டில் இருக்கும். அப்பாவின் முகம் தெரியும். லாரி போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்தது. தூசும் வெயிலும் நடுவில் மிதந்தன. வண்டிச் சத்தத்தில் குரல் எங்கே கேட்கும். தலையாட்டினார். பாடுகிறார் என்றே நினைத்து எடுத்துத் தள்ளினேன்.

வீட்டில் லேப்டாப்பில் பெரிதாக்கினேன். நானூறு எம்எம் காட்டும் அளவுக்கு வெட்டினால், நீளத்தில் நாலில் ஒன்று, அகலத்தில் நாலில் ஒன்று. மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு. நாற்பத்தைந்து மெகாபிக்சலில் மூன்றுகூட மிஞ்சவில்லை. அந்த மூன்றிலும் அப்பா ஒரு மூலை. முகம் இருந்தது, வாய் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பாய்ச் சில கட்டங்கள்.

அம்மா திரைக்கு வெகு அருகில் வந்து பார்த்தாள்.

"வாய் தொறந்திருக்கா, மூடியிருக்கா?"

"தெரிலம்மா."

"சட்டை அவருதுதான்" என்றாள்.

அடுத்த முறை அந்த லென்ஸை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் அப்பாவின் முழங்கால் போய்விட்டது. உயரத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது டிவி முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். பாடச் சொன்னால், "இங்க யாரு பாடுவா, போம்மா" என்கிறார்.

நானூறு எம்எம் லென்ஸ் ஒன்று சொந்தமாகவே வாங்கிவிட்டேன். பீரோவில் முதுகு இடிக்கும்வரை பின்னால் போய் நின்று அப்பாவைப் பார்த்தேன். அது தொலைவில் இருப்பவர்களுக்கான லென்ஸ். எங்கள் அறையின் நீளம் அதற்குப் போதவில்லை. ஃபோகஸ் ஆகாமல் முன்னும் பின்னும் ஓடி நின்றுவிட்டது.