முயலின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல்

"சார், இது யாரோட விரல்?"

டிராயிங் டீச்சர் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் கேட்டது என் மாமாவை, அதாவது அக்காவின் கணவரை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஆபரேஷன் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவிச் சுத்தப்படுத்துவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பொம்மை கழுவுவார். சிரிக்காதீர்கள். கடையில் வாங்கிய வினைல் பொம்மையின் நிறத்தை எடுத்துவிட்டு, தங்கள் விருப்பப்படி புதிதாக வண்ணம் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டீச்சர் அப்படி ஒருவர். பொம்மையைத் தயார் செய்ய மாமாவைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். "சோப்பு சார்" என்று மாமாவுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். மாமாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நான் அக்கா வீட்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் முயல் பொம்மை வந்திருந்தது. மாமா முதலில் பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்தார். அச்சிலிருந்து வரும்போதே பொம்மை மேல் ஒரு எண்ணெய்ப் பசை இருக்குமாம். பிறகு வெந்நீரில் போட்டு, கழுத்து இளகியதும் தலையைத் திருகிக் கழற்றினார்.

"யாராவது கதவைத் தட்டினா சொல்லாதீங்க, நான் இப்ப கொலை பண்ணிட்டிருக்கேன்" என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அப்படியே இந்தப் பாத்திரத்தையும் ஆபரேஷன் கத்தரின்னு நெனச்சுக் கழுவிடுங்க. புண்ணியமாப் போகும்."

பழைய நிறத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எடுத்தார். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டை நனைத்த உப்புத்தாளால் தேய்த்தார். கடைசியாக இன்னொரு முறை கழுவி, துணி மேல் வைத்து, ஒரு பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினார். அதற்குப் பிறகு வெறுங்கை படக் கூடாது; விரலின் பிசுக்கு பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாதாம். கையுறை போடாமல் அவரே தொட மாட்டார்.

மாமா குளிக்கப் போனார். நான் வெண்ணெய் தடவிய ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். கண்ணும் வாயும் இல்லாத முயல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. கிண்ணத்தைத் தூக்கினேன். முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. கட்டைவிரல் ஒன்றால்தான் கன்னத்தைத் தள்ளித் திருப்பினேன். பளிச்சென்று எந்தக் கறையும் தெரியவில்லை. அதனால் மூடி வைத்துவிட்டு மறந்தேன்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் அந்த முயலோடு வந்து நின்றார். நீல நிறத்தில் அவ்வளவு அழகாகத் தீட்டியிருந்தார். கன்னத்தில் மட்டும் பெயின்ட் உரிந்திருந்தது, கட்டைவிரல் அளவுக்கு, கட்டைவிரல் வடிவத்தில்.

மாமா முயலை வாங்கி, தன் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். அடையாளம் முழுவதும் விரலுக்கடியில் மறைந்துபோனது. அதைவிட அவர் விரல் பெரிது.

"என் கைதான் டீச்சர். அவசரத்துல பட்டிருக்கும்."

"உங்களுக்கா அவசரம்?" டீச்சருக்குக் கோபத்தைவிட ஏமாற்றம்தான் தெரிந்தது. "பரவால்ல சார். இனிமே நானே கழுவிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு பொம்மை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மாமா அக்காவின் பாத்திரங்களைக் கழுவினார். பளபளவென்றுதான் கழுவினார். அக்காகூடக் கிண்டல் செய்யவில்லை.

ஒரு நாள் தொட்டி அருகே, பெரிய அளவு கையுறைப் பெட்டி பக்கத்தில் சின்ன அளவு ஒன்று புதிதாக இருந்தது. ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது.

"மாமா, அன்னிக்கு அந்த முயல..."

"விரல் அளவப் பாத்ததுமே தெரிஞ்சுது, அன்னிக்கு வெண்ணெய் ரொட்டி தின்னது நீதானே" என்றார். "உன்ன அவங்க முன்னாடி நிறுத்தணுமா என்ன?"

"நான் போய் டீச்சர்கிட்ட சொல்லிடறேன்."

"எங்க போவ? வேலை மாறி வேற ஊருக்குப் போயிட்டாங்களாம்."

டீச்சர் வேலை பார்த்த பள்ளியில் போய்க் கேட்டேன். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்தவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். பொம்மைக்கு வண்ணம் தீட்டும் டிராயிங் டீச்சர் ஒருவர் எங்காவது இதைக் கேட்க நேர்ந்தால், நீல முயலின் கன்னத்தில் இருந்தது சோப்பு சாரின் விரல் இல்லை, அவர் மச்சினிச்சியின் விரல் என்று தெரியட்டும்.