ஊசிக்காரரின் இரைப்பை

இடது கை தோள்மூட்டு வரைக்கும் பசுவுக்குள் இருக்கும்போதுதான் பிரதாபனுக்குக் கதை நன்றாக வரும். நீளமான பிளாஸ்ரிக் கையுறை உள்ளே தடவிக்கொண்டிருக்கும், வலது கையில் சினை ஊசிக் குழல், வாயில் ஊர்ப்புதினம். "அசையாதை ராசாத்தி, உனக்கும் கெதியா முடியவேணும், எனக்கும் கெதியா முடியவேணும்" என்று பசுவிடம் சொல்லிவிட்டு, கயிறு பிடித்திருப்பவரிடம் மகளின் சோதனை முடிவையும் குளத்துத் தண்ணீர் மட்டத்தையும் விசாரிப்பார். கையை வெளியே எடுத்ததும் கதை நின்றுவிடும்.

பளைக்கும் பரந்தனுக்கும் இடையில் மாடு வளர்க்கிறவர்களுக்கு அவர் 'ஊசி ஐயா'. அவருடைய பதவிக்கு அலுவலகத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை அவர் முழுதாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வயது நாற்பத்தாறு. போன வருடம் வரை நூற்று முப்பது கிலோவுக்கு மேல் இருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்சில்லு எப்போதும் காற்றுப் போனது போலத் தெரியும். காற்று நிறைய இருக்கும்.

அந்த உடம்பில் பெரும்பங்கு ஊர்ச்சனம் கொடுத்தது. ஊசி போட்ட வீட்டில் எதையாவது வாயில் போடாமல் அவர் எழும்பமாட்டார். ஒரு வீட்டில் தயிரும் சீனியும், அடுத்த வீட்டில் பால்தேத்தண்ணியும் ரொட்டியும், அதற்கடுத்த வீட்டில் மத்தியானமாகிவிட்டது என்று சோறு. "எனக்குச் சமையல் வேலை மிச்சம். ஊரில உள்ள பொம்பிளையள்தான் பாவம்" என்பார் மனைவி கௌசலா. நடந்தும், இரவுச் சாப்பாட்டை விட்டும் இரண்டு தரம் நன்றாக மெலிந்தார். இரண்டு தரமும் போன கிலோக்கள் இன்னும் சிலவற்றைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன.

ஒருநாள் பட்டப்பகலில், ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நித்திரையாகி வயலுக்குள் போய் விழுந்தார். சேறு காப்பாற்றியது. நீரிழிவு என்கிற சீனி வருத்தம், முழங்கால் நோ, இரவில் மூச்சு நின்று நின்று வருவதால் பகலில் கண் சொருகுவது எல்லாமே பாரத்தின் வேலை என்று டொக்டர் சொல்லி, கொழும்பில் ஒரு கிளினிக்குக் கடிதம் கொடுத்தார்.

அங்கே சத்திரசிகிச்சை நிபுணர், இரைப்பையில் இடத்தைக் குறைக்கிற மூன்று முறைகளைக் கடதாசியில் கீறி விளக்கியதைப் பிரதாபன் வரும் வழியிலேயே மாட்டுக்கணக்கில் மாற்றிக்கொண்டார்.

"மாட்டுக்கு நாலு அறை, எனக்கு ஒண்டு. பலூன் எண்டால் அந்த அறைக்குள்ள ஒரு பையை ஊதி விடுறது, கொஞ்ச மாதத்தால எடுத்துப்போடுவினம். மற்றது, அறையில முக்கால்வாசியை வெட்டி எடுத்துப்போட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி விடுறது. மூண்டாவது, மேல சின்னதா ஒரு அறையைப் பிரிச்சுக் குடலோட நேர மூட்டுறது. பழைய வயிறு உள்ளுக்க சும்மா கிடக்கும், பென்சன் எடுத்த ஆள் மாதிரி."

பலூனை எடுத்த பிறகு என்ன நடக்கும் என்று கிளினிக்கிலேயே கேட்டவர் கௌசலா. பலருக்கு நிறை திரும்பிவிடும் என்றார் நிபுணர். வாழைப்பழ முறை நெஞ்செரிவைக் கூட்டக்கூடும். இவருக்கு ஏற்கெனவே நெஞ்செரிவு, சீனியும் கூட, ஆகவே மூன்றாவதே பொருந்தும் என்றார். கசிவு, இரத்தப்போக்கு என்று குறைந்த அளவில் ஆபத்துகள் உண்டு. விற்றமின் குளிசையும் இரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும். நாள் முழுக்கக் கொறித்தால் இதிலும் உடம்பு திரும்பும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பிரதாபன், ஒரு நாளைக்கு ஏழெட்டு வீட்டில் சாப்பிடுகிற தொழிலுக்கு என்ன செய்வது என்று கேட்டார். நிபுணர் சிரித்தார். பிரதாபன் பகிடிக்குக் கேட்கவில்லை.

ஈரலின் கொழுப்பு இறங்குவதற்காக, சத்திரசிகிச்சைக்கு முந்திய இரண்டு கிழமையும் நீராகாரம் மட்டும்தான். அதை அவர் ஊரில் மூச்சுவிடவில்லை. வயிற்றை வெட்டி மெலிகிறானாம் என்று பரந்தன் சந்தியில் சிரிப்பார்கள் என்ற வெட்கம். சீனி போடாமல் தேத்தண்ணி கேட்டால் ஏன் என்பார்கள். ஆகவே எல்லா வீட்டிலும் ஒரே பொய்: "இப்பதான் குடிச்சனான்."

பேச்சியம்மா வீட்டில் அந்தப் பொய் வேறு மாதிரி விழுந்தது. எழுபதுகளின் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம் அவருடையது. மூன்று பசுக்கள். பிரதாபனிடம் எப்போதும் "தம்பி" என்றுதான் பேசுவார். இரண்டு தரம் பொய் சொல்லித் தப்பியவர் மூன்றாம் தரம் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது, கதிரையில் மூடி திறக்காத சோடாப் போத்தல் ஒன்று நின்றது.

"குடிங்க சார். கடையிலருந்து வந்தது. நாங்க யாரும் மூடிய தொடல."

அந்தக் குடியேற்றத்தில் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. முன்பு வந்த உத்தியோகத்தர்கள் பலர், தோட்டத்துச் சனம் என்று சாதி பார்த்து, இந்த வீடுகளில் பச்சைத்தண்ணியும் வாங்கமாட்டார்கள். 'இப்பதான் குடிச்சனான்' என்பார்கள், அல்லது மூடி திறக்காத சோடா என்றால் எடுப்பார்கள். வேலைக்கு வந்த புதிதில் பிரதாபன் இதே வாசலில் சோடாவைத் தள்ளிவைத்துவிட்டு, பேச்சியம்மாவின் வீட்டு ரம்ளரில் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தவர். அன்றைக்குத் தொடங்கியதுதான் அவருடைய வீட்டுக்கு வீடு சாப்பாடு.

'தம்பி' இப்போது 'சார்' ஆகியிருந்தது. பிரதாபன் போத்தலைத் தள்ளிவைத்தார். பிறகு வயிற்றில் கையை வைத்தார்.

"அம்மா, இதை வெட்டப்போகினம்."

பேச்சியம்மாவின் முகம் மாறிவிட்டது. "கட்டியா தம்பி?"

"கட்டியில்லை. உங்கட ரொட்டி."

மாடு, அறை, குடல் என்று எல்லாவற்றையும் அவர் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா சிரிக்கவில்லை. இவ்வளவு பொய்க்கும் வயிறு இடம் கொடுத்ததா, சீனி இல்லாமல் கேட்டால் வாயா தேய்ந்துவிடும் என்று திட்டித் தீர்த்துவிட்டு, சோடாவை உள்ளே கொண்டுபோய் வைத்து, வெறும் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அவர் குடிப்பதைப் பார்த்தபடி ஒன்று கேட்டார்.

"வெட்டுனதுக்கு அப்புறம் எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"ஒரு நேரத்துக்கு மூண்டு நாலு கரண்டி. அதுவும் அரை மணித்தியாலம் சப்பவேணும்."

"அத வச்சிக்கிட்டு எத்தன வீட்டுக்குப் போவீங்க?"

பிரதாபன் கடைசி மிடறையும் குடித்து, ரம்ளரைக் கொடுத்துவிட்டு எழும்பினார்.

சத்திரசிகிச்சை முடிந்து இப்போது எட்டு மாதம். முப்பத்தைந்து கிலோ போய்விட்டது. சீனிக்குளிசை பாதியாகிவிட்டது, பகல் நித்திரை இல்லை. தலைமயிர் கொஞ்சம் கொட்டியது. அவசரமாக விழுங்கிவிட்டு மாட்டுக்கொட்டிலின் பின்னால் போய்ச் சத்தியெடுத்த நாட்களும் உண்டு. இப்போது ஒளிப்பதில்லை. பசுவுக்குள் கையை விட்டபடியே அறைக்கணக்கை விளக்குகிறார். பளையில் ஒரு மாவுமில்காரர் கிளினிக் விபரம் கேட்டு அவரைத் தேடி வந்தாராம். "முதல் உங்கட டொக்டரைக் கேளுங்கோ. எனக்குப் பொருந்தினது உங்களுக்குப் பொருந்தவேணும் எண்டில்லை" என்று அனுப்பிவைத்திருக்கிறார்.

போன கிழமை பேச்சியம்மாவின் பசு ஒன்று வேட்கைக்கு வந்தது. ஊசி போட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி முடிய உச்சி வெயிலாகிவிட்டது. பேச்சியம்மா குசினி வாசலில் நிலத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் கை கழுவிவிட்டு இவருக்கு ஏதாவது எடுக்க எழும்பப் பார்த்தார். "இருங்கோ, இருங்கோ" என்றபடி பிரதாபன் முழங்காலைப் பிடித்து மெல்ல மடித்து, அவருக்கு எதிரே நிலத்தில் இருந்தார். அவருடைய தட்டிலிருந்த குளத்துமீனில் முள்ளில்லாத ஓரமாகப் பார்த்து நகமளவு கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பத் தொடங்கினார்.

அவர் விழுங்கி முடியும்வரை சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மா, தட்டை இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்துவிட்டு அடுத்த பிடியைப் பிசைந்தார்.