ஸ்டீபன் தலையில் ஐந்து நிமிட நுரை

லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலுக்குப் போகிறவன் தலையில் தொப்பி இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெயிலுக்கு எல்லோரும் போடுவதுதான். ஆனால் ஸ்டீபன் படகைக் கரையேற்றிய பிறகும் அதைக் கழற்ற மாட்டான். டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் வீட்டில் டிவி முன்னாலும் அதே நீலத் தொப்பிதான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது.

அவனுடன் ஒரே ஃபைபர் படகில் தொழில் செய்யும் ராஜவேலு ஒருநாள் போட்டோ எடுத்தான். நல்ல கொடுவா ஒன்று மாட்டியிருந்தது. ஸ்டீபன் குனிந்து அதை வலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். கரைக்கு வந்து படத்தைப் பார்த்தபோது மீன் அவன் கண்ணில் படவில்லை. தன் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிவதைத்தான் பார்த்தான். நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிக்கொண்டு போவது அவனுக்குத் தெரியும். பின்னால் இப்படி ஆகியிருப்பது தெரியாது. மறுநாளே பழவேற்காடு கடைத்தெருவில் தொப்பி வாங்கிவிட்டான்.

வெங்காயச் சாறு தேய்த்துப் பார்த்தான். போனில் விளம்பரம் வந்த எண்ணெயை வரவழைத்தும் பார்த்தான். முடி கொட்டுவது கொட்டிக்கொண்டேதான் இருந்தது. இதற்கிடையே பொடுகு வேறு. உப்புத் தண்ணியும் வியர்வையும் தொப்பிக்குள்ளேயே காய்ந்து, அரிப்பு தாங்க முடியாமல் போனது.

மாதா கோயிலுக்குள் ஆண்கள் தொப்பியோடு போக முடியாது. ஸ்டீபன் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதை நிறுத்தினான். முதலில் வலை வேலை என்றான், பிறகு உடம்பு சரியில்லை என்றான். கடைசியில் சாக்குச் சொல்வதையும் விட்டுவிட்டான். அவன் அம்மா ஆரோக்கியமேரி பயந்துபோனாள்.

"சாமி மேல இன்னாடா கோவம் உனுக்கு? உங்க நைனாவ எடுத்துக்கிச்சேன்னா?"

அப்பா மார்வலியில் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல ஸ்டீபனுக்கு வாய் வரவில்லை. முடிக்காகக் கோயிலுக்குப் போகவில்லை என்பதைவிட அம்மா நினைப்பதே கொஞ்சம் மரியாதையாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டான். இரண்டு வருஷம் அவள் தனியாகவே போய், மகனுக்காக மெழுகுத்திரி ஏற்றிவிட்டு வந்தாள்.

பொன்னேரியில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் அவன் அக்கா சோபியா, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வந்த மூன்றாம் நாள் அவன் தொப்பியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"எப்பப் பாத்தாலும் சொறிஞ்சினே கீற, காட்டு இப்டி."

தலை முழுக்கச் சிவந்து, இரண்டு இடத்தில் புண்ணாகியிருந்தது. அவள் திட்டவில்லை. அடுத்த வாரம் பொன்னேரியில் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அவன் தலையை விளக்கு வைத்துப் பார்த்தார். "ரெண்டு பிரச்சனை தம்பி. ஒண்ணு பொடுகு. இன்னொண்ணு பரம்பரையா வர்ற வழுக்கை. உப்புத் தண்ணியால வந்ததில்ல."

"மருந்து கீதா மேடம்?"

"கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதறேன். வாரத்துக்கு ரெண்டு நாள். நுரை வச்சு அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு அலசணும். பொடுகு போயிடும். வழுக்கை விழற வேகத்தையும் கொஞ்சம் குறைக்கலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. எல்லாம் சின்னச் சின்ன ஆராய்ச்சி. நான் சத்தியம் பண்ண முடியாது."

"போனது திரும்பி வருமா?"

"இதை நம்பி அப்படி எதிர்பார்க்காதீங்க. முடிக்குன்னே வேற மருந்து இருக்கு. மொதல்ல புண்ணு ஆறட்டும், அப்புறம் பேசலாம்."

வாரம் இரண்டு நாள் போட்டால் வேகம் குறையும் என்றால் தினமும் போட்டால் நின்றே போகுமே என்று ஸ்டீபன் கணக்குப் போட்டான். பத்தே நாளில் முடி தேங்காய் நாராக விறைத்தது, தலை எரிந்தது. சோபியாவிடம் செமையாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் புதன், சனி என்று நாள் குறித்துக்கொண்டான். லாரியில் வரும் நல்ல தண்ணியில் ஒரு வாளி எடுத்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தலை நிறைய நுரையோடு உட்கார்ந்திருப்பான். அந்த ஐந்து நிமிடமும் செய்வதற்கு ஒன்றுமில்லை. வலையைத் தொட முடியாது, போனைத் தொட முடியாது. முதல் தடவையாக அவனுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது.

ஒரு மாதத்துக்குள் அரிப்பு நின்றது, புண் ஆறியது. தலையணையில் கிடக்கும் முடியும் குறைந்த மாதிரி இருந்தது. ஆறாவது மாதம் ராஜவேலுவிடம் சொல்லி உச்சந்தலையைப் போட்டோ எடுக்க வைத்தான். ஷாம்பு போடத் தொடங்கியபோது சோபியா எடுத்து வைத்திருந்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"அப்டியேதான்க்கா கீது," என்று சோபியாவிடம் சலித்துக்கொண்டான்.

"அப்டியே இருந்தா நல்ல சேதிடா. இந்நேரம் இன்னும் போயிருக்கும்."

"ஷாம்புவாலதான்னு எப்டி சொல்ற?"

"சொல்ல முடியாது. பொடுகு போனதால கூட இருக்கலாம்." மடியில் குழந்தையைத் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள். "அது இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு ஞானஸ்நானம். நீதான் ஞானத்தகப்பன். கோயில்ல பாப்பாவ நீதான் தூக்கினு நிக்கணும்."

சனிக்கிழமை நுரையோடு உட்கார்ந்திருந்தபோது, முடியாது என்று சொல்ல ஒவ்வொரு காரணமாகத் தேடிப் பார்த்தான். குழந்தையிடம் பிற்பாடு சொல்லக்கூடிய காரணம் ஒன்றுகூட அதில் இல்லை.

கோயில் வாசலில் தொப்பியைக் கழற்றிப் பேண்ட் பாக்கெட்டில் திணித்தான். காற்று நேராகத் தலையில் பட்டது. உள்ளே எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்தார்கள். சாமியார் தண்ணீர் ஊற்றியபோது அது வீறிட்டு அழுதது. பயத்தில் ஸ்டீபன் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஆரோக்கியமேரி மகனின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மெல்ல விளங்கியது.

"இதுக்காடா நீ வரல?"

அவன் தலையாட்டினான்.

"ரெண்டு வருசம்டா... நான் சாமிகிட்ட என்னென்னவோ கேட்டுகினு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நைனாவுக்கு எப்பம்மா போச்சு முடி?" என்று கேட்டான்.

ஆரோக்கியமேரி யோசித்தாள். மணலில் கொஞ்ச தூரம் நடந்த பிறகும் யோசித்துக்கொண்டே வந்தாள்.

"கல்யாணத்தப்ப இருந்துச்சா இல்லியான்னே தெரியலடா. அந்தாளு குரலு ஞாபகம் கீது. கருவாட்டுப் பொரியல் கேட்டு சண்ட போடுறது ஞாபகம் கீது. முடி... போடா, தெரியல."

ஸ்டீபனுக்கு இப்போது முப்பத்தொன்று. உச்சியில் வட்டம் இன்னும் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. வேறு மருந்து பற்றி டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். நாள் தவறாமல் போட வேண்டும் என்றதும், தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தான். ஷாம்புவை மட்டும் அவர் சொன்னபடி இப்போது வாரம் ஒரு முறை போடுகிறான். கரையில் யாராவது விசாரித்தால், பொடுகுக்கு நிச்சயம் கேட்கும், முடிக்குக் கேட்டாலும் கேட்கும் என்று சொல்வான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டான்.